கை தூக்கிய தூரம்

அக்கா எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். கண்ணை மூடியிருப்பாள், எனக்குத் தெரியும்.

நான் காருக்குள் இருந்தேன். நடுவில் ஐம்பது அடி இருக்கும். டெல்லி ஓக்லாவில் ஒரு ஷோரூமின் பின்பக்கம், டெலிவரிக்கு வண்டிகளைக் கழுவி நிறுத்தும் இடம். ஞாயிற்றுக்கிழமை மதியம், ஈ காக்கை இல்லை.

இது மூன்றாவது கார். மூன்றுமே பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடுகிற ஹைபிரிட். காலையிலிருந்து இதே கூத்து.

வாங்கப்போவது நான்தான் என்று சொல்லித்தான் மூன்று ஷோரூமிலும் நுழைந்தோம். அது முழுப் பொய்யும் இல்லை. என் டீசல் வண்டிக்குப் பத்து வயதாகிவிட்டது, டெல்லிச் சட்டப்படி அதற்கு இனி ஆயுசு இல்லை. ஒவ்வொன்றையும் பத்து நிமிடம் ஓட்டினேன். ஒன்றில் சீட் சொகுசு, இன்னொன்றில் பின்னால் உட்கார்ந்தால் முட்டி இடித்தது. லிட்டருக்கு இருபத்தேழு என்றார் ஒருவர். இருபத்தெட்டு என்றார் அடுத்தவர். அச்சா, அச்சா என்று தலையாட்டி வைத்தேன். யாருக்கு வேண்டும் மைலேஜ்!

அக்கா பார்த்தது ஒன்றே ஒன்றைத்தான். பின்னால் வந்தால் கேட்கிறதா?

அவள் நிற்பாள். நான் பேட்டரியில் மட்டும் ஓடும்படி வைத்து, ஆள் நடக்கிற வேகத்தில் அவளை நோக்கி வர வேண்டும். சத்தம் கேட்டதும் கை தூக்குவாள். அங்கேயே நிறுத்த வேண்டும்.

கூடப்பிறந்தவள் முதுகைப் பார்த்துக் காரை ஓட்டிப் பாருங்கள், அப்போது தெரியும்.

முதல் கார் அவளுக்கு நாலடி கிட்டே வரும்வரை கை எழவில்லை. எனக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. இரண்டாவதில் பாதி வழியில் பெட்ரோல் எஞ்சின் உறுமத் தொடங்கிவிட்டது. “இது செல்லாது, மறுபடி வா” என்றாள், அம்பயர் மாதிரி. மறுபடி வந்தேன். மூன்றடிதான் பாக்கி. அப்போதும் கை எழவில்லை. நானாகத்தான் பிரேக்கை மிதித்தேன்.

திரும்பிப் பார்த்தாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு தெளிச்சி.

“பாத்தியா? கேக்கவே இல்லடா. எப்படிடா கேக்கும்?”

ஐந்து மாதம் முன்பு, அவள் வீட்டுக்காரர் சிவஞானம் மாமா, ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் தெருவில் பால் வாங்கிக்கொண்டு நடந்து வந்தார். பின்னால் ஒரு ஹைபிரிட் மெதுவாகத்தான் வந்ததாம். தட்டியதும் மெதுவாகத்தானாம். விழுந்ததில் நடைபாதைக் கல்லில் தலை பட்டது. அவ்வளவுதான்.

சத்தம் வந்திருக்கும், அவர்தான் ஒதுங்கவில்லை என்று போலீஸில் சொன்னான் ஓட்டி வந்தவன். துக்கம் கேட்க வந்தவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். சாருக்குக் காது கொஞ்சம் மந்தமோ என்று காபியைக் குடித்துக்கொண்டே கேட்டாள் ஒருத்தி.

மாமாவுக்கா மந்தம்? குளித்துக்கொண்டே குக்கர் விசிலை எண்ணி, அடுப்பை அணைக்கச் சொல்லி உள்ளேயிருந்து கத்துகிற மனுஷன்.

அதனால்தான் இந்தக் கூத்து. எவனுக்கும் கேட்டிருக்காது என்று அக்காவுக்குத் தெரிய வேண்டும். மாமா மேல் தப்பில்லை என்று தெரிந்துவிட்டால் அன்றைக்காவது தூங்குவாள். அவள் தூங்கி நாளாயிற்று.

இந்த மூன்றாவதுதான் மாமாவைத் தட்டியதாக எஃப்.ஐ.ஆரில் இருக்கிற மாடல். வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தாள்.

உள்ளே உட்கார்ந்து ஏசியாவது பாருங்கள் மேடம்ஜி என்று ஷோரூம்காரர் ஹிந்தியில் கெஞ்சிப் பார்த்தார். அக்கா அசையவில்லை.

பிரேக்கை விட்டேன். கார் நகர்ந்தது. உள்ளே எனக்கு ஒரு சத்தமும் இல்லை.

தூக்காதே அக்கா. கையைத் தூக்காதே. எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

புறப்பட்டுப் பத்தடிகூட வந்திருக்க மாட்டேன். கை எழுந்தது.

“இன்னொரு தரம்” என்றாள். பின்னால் எடுத்துப் போய் மறுபடி வந்தேன். அதே இடம். மூன்றாம் தரமும் அதே இடம்.

இறங்கிப் போனேன். அவள் இன்னும் கையை இறக்கவில்லை. நான்தான் பிடித்து இறக்கினேன்.

“கேக்குதுடா. பக்கத்து வீட்டு மிக்ஸி மாதிரி நல்லாவே கேக்குது.” என் பக்கம் திரும்பினாள். “அப்ப அவருக்கு ஏன்டா கேக்கல?”

“ஏதோ யோசனையில நடந்திருப்பாருக்கா” என்றேன்.

செத்தவர் மேல் பழியைப் போட்டுவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் பாவி.

மாமா எந்த யோசனையிலும் நடக்கவில்லை. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு என்னோடு பேசிக்கொண்டு நடந்தார். நொறுங்கிப்போன அவர் ஃபோனைப் போலீஸிடமிருந்து வாங்கி வந்தவனும் நான்தான். அக்காவிடம் கொடுக்கவே இல்லை.

எங்கள் செக்‌ஷன் ஆபீசர் அனந்தகிருஷ்ணன், பெண்டாட்டி ஊரிலிருந்து வந்துவிட்டதை முந்தின நாள் கேண்டீன்காரனிடம் ‘மேரா பீவி ஆ கயா’ என்று ஹிந்தியில் பெண்டாட்டியை ஆம்பளையாக்கிச் சொல்லியிருந்தார். அதை அவர் குரலிலேயே மாமாவுக்குச் செய்துகாட்டினேன். மாமா ஹோவென்று சிரித்தார்.

சிரிப்பு பாதியில் நின்றது. நெட்வொர்க்தான் போய்விட்டது என்று திட்டிக்கொண்டே மறுபடி அழைத்தேன். கேண்டீன்காரன் என்ன பதில் சொன்னான் என்பதையும் சொல்லிவிட வேண்டுமென்று ஏழு தரம் அழைத்தேன்.