ரெண்டாம் பாகம் சரியில்லை

"மிஸ், உங்க ஆளுங்களுக்கு மூளை கீளை இருக்கா இல்லையா?"

ஏழரை மணிக்கு டிவி நாடகம் முடிந்ததுதான் தாமதம், அழகமுத்து போனைக் கையில் எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க ஐயா," என்றாள் அந்தப் பெண், வழக்கம்போலப் பொறுமையாக.

"முதல் பாகத்துல செத்து, கருமாதியும் முடிஞ்ச மனுசன். இன்னைக்கு உசுரோட வாசல்ல வந்து நிக்கிறான். பொண்டாட்டிக்காரி ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. பிளேன்டீ வேணுமான்னு கேக்குறா! செத்துப்போனவங்க திரும்பி வந்தா இப்படியா மிஸ் கேப்பாங்க?"

"யா அல்லாஹ்! பொறகு?"

"பொறகு என்ன பொறகு? மீதியை நாளைக்குத்தான் காட்டுவீங்களாம். எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதின ஐயா."

நாலு மாதமாக இதுதான் நடக்கிறது. திரையின் அடியில் 'உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்' என்று ஓடிய நம்பரை முதல் நாளே காலண்டரில் குறித்துக்கொண்டவர், ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

அழகமுத்து தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் முப்பது வருஷம் மருந்து கட்டிக் கொடுத்தவர். ஓய்வுபெற்றதும் வத்தேகமயில் சின்னதாக ஒரு வீடு. மகன் கட்டாரில், ஞாயிற்றுக்கிழமை இரண்டு நிமிஷம் பேசுவான். முதல் பாகத்தை அவரும் மனைவி பாலம்மாவும் ஒரு நாள் விடாமல் பார்த்தார்கள். ரெண்டாம் பாகம் தொடங்கியபோது பாலம்மா இல்லை.

சில நாட்களில், காலையிலிருந்து அவர் வாய் திறந்து பேசும் முதல் பேச்சே இந்த ஏழரை மணி ஏச்சுத்தான்.

"ஐயா, ஒண்டு கேக்கட்டா?" என்றாள் அவள். "அந்த மூத்த மருமகள் இப்ப எந்த வீட்டில இரிக்கிற?"

அழகமுத்துவுக்குச் சுருக்கென்றது.

"என்ன மிஸ் இது? உங்க டிவியில போடற நாடகம். உங்களுக்கே தெரியாதா?"

"அது வந்து ஐயா..." என்று இழுத்தாள்.

"அப்ப நீங்க பாக்கிறதே இல்ல! நான் நாய் மாதிரி தினம் தினம் கத்துறேன், நீங்க சும்மா உக்காந்து சம்பளம் வாங்குறீங்க. உங்க பேரைச் சொல்லுங்க. மேலிடத்துக்கு எழுதுறேன்."

"றலியா," என்றாள் மெதுவாக.

மறுநாள் காலை முதல் வேலையாக, டவுனில் டைப் அடித்துக் கொடுக்கும் கணபதியின் கடைக்குப் போனார்.

"றலியான்னு ஒரு பொண்ணு. அதை வேலையை விட்டுத் தூக்கணும். நல்லா சூடா எழுது கணபதி."

"எந்த நம்பருக்குப் போன் எடுத்தீங்கண்ணே? அதையும் போட்டுடுவோம்."

அழகமுத்து போனை நீட்டினார். கணபதி அதைப் பார்த்தார். தன்னுடைய போனில் எதையோ தேடினார். மறுபடியும் பார்த்தார்.

"அண்ணே, டிவிக்காரங்க நம்பர் கடைசியில ஒன்னு. நீங்க எடுக்கிறது ஏழு."

சரியான நம்பருக்கு அங்கேயே எடுத்துப் பார்த்தார்கள். ஒரு மெஷின் மூன்று பாஷையில் மாறி மாறி வணக்கம் சொன்னது. அப்புறம் தானாகவே கட் ஆகிவிட்டது.

அன்று ஏழரைக்கு அழகமுத்து பழைய நம்பருக்கே எடுத்தபோது, முதல் மணியிலேயே குரல் வந்தது.

"ஐயாவா? நேத்து கோவிச்சிட்டுப் போனீங்க, இனி எடுக்க மாட்டீங்க எண்டு நெனச்சேன். அந்த மனுசன் பிளேன்டீ குடிச்சானா?"

"நீங்க டிவி ஆபீஸ் இல்லையா?"

"இல்ல ஐயா. இது கெலிஓயா. எங்கட வீடு."

"நாலு மாசமா ஏச்சு வாங்கினீங்களே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"மொதல் நாள் சொல்லப் பாத்த. நீங்க எங்க சொல்ல விட்டீங்க? மூச்சு விடாம ஏசினீங்க." அவள் சிரித்த மாதிரி இருந்தது. பிறகு குரல் இறங்கியது. "உம்மா ரெண்டு வருஷமா படுக்கையில ஐயா. பேச்சும் இல்ல. நானும் அவவும் மட்டும்தான். எங்கட வீட்டுக்கு ஆரும் வாறல்ல. மொதல் பாகம் நாங்களும் பாத்த, பொறகு டிவி பழுதாப் போச்சு. அண்டைக்கு நீங்க ஏசினதக் கேட்டு உம்மா சிரிச்சா ஐயா. எவ்வளவு காலத்துக்குப் பொறகு! ராங் நம்பர் எண்டு சொல்ல எனக்கு மனசு வரல்ல. அண்டையிலிருந்து ஸ்பீக்கர்ல போட்டு ரெண்டு பேருமாத்தான் கேக்குற."

அழகமுத்து கதிரையில் உட்கார்ந்தார். இந்த நாலு மாதத்தில் என்னென்ன சொல்லியிருக்கிறோம் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. காது சுட்டது.

"மன்னிச்சுக்கங்கம்மா. உங்க அம்மாகிட்டயும் சொல்லுங்க," என்றார். "இனிமே உங்களுக்குத் தொந்தரவு குடுக்க மாட்டேன். ரெண்டாம் பாகமும் நாளையோட முடியுது. திங்கக்கிழமை மூணாம் பாகம் தொடங்குறானுங்களாம். அது இதைவிடக் கேவலமாத்தான் இருக்கும்."

"கேவலமா இரிக்கட்டும் ஐயா," என்றாள் றலியா அவசரமாக. "நல்லா இருந்தா நீங்க எடுக்க மாட்டீங்களே."