திங்கட்கிழமை லேட்

"இந்தத் திங்களும் லேட்டா? தெம்பேப் பயலே!"

சுரபாயா துறைமுகக் கிடங்கில் முதலாளி குனாடி கத்தினார். புளித்த சோயாக்கட்டியான தெம்பேயைத் தின்கிறவனுக்கு முதுகெலும்பு இல்லை என்பது அங்கே வசவு. அறுபது கிலோ மூட்டை சுமக்கிற துகிரானைப் பார்த்துத்தான் இந்த வசவு.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்றேன் மொதலாளி. வாராவாரம் வரச் சொல்றாங்க."

"தெம்பேயும் கீரையும் திங்கிறவனுக்கு ஆஸ்பத்திரி எதுக்குடா? நான் மாட்டுக்கறி தின்னவன். அதைக் குடல்ல இருக்கிற கிருமி விஷமாக்கி ரத்தக்குழாயை அடைச்சிருச்சாம். ஆராய்ச்சி வைத்தியம் நடக்குது. இந்த மாத்திரைக்குள்ள நல்ல கிருமி இருக்கு. எவனோ வெள்ளைக்கார ஓட்டப்பந்தயக்காரன் உடம்புல இருந்து எடுத்ததா இருக்கும்!"

ஒன்றை வாயில் போட்டு விழுங்கினார்.

"அடுத்த திங்கள் லேட்டானா வேலை கிடையாது."

துகிரான் வெளியே போய், இனி வர முடியாது என்று ஆஸ்பத்திரிக்குப் போனில் சொல்லிவிட்டு வந்து மூட்டையைத் தூக்கினான்.

பத்து நிமிஷத்தில் குனாடியின் போன் அலறியது. ஸ்பீக்கரில் டாக்டர்.

"குனாடி சார், மாத்திரை இனிமே கிடைக்காது. கொடுக்கிறவரை அவர் மொதலாளி விடமாட்டேங்கிறாராம். துறைமுகத்துல மூட்டை தூக்குறவர், பாவம்."

"எவன் அந்த மடையன் மொதலாளி? என் உசுரு டாக்டர்! அப்படி என்னத்தைத்தான் கொடுக்கிறான் அவன்?"

"மலம்தான். அதுல இருந்துதான் கிருமியைப் பிரிக்கிறோம். கையெழுத்துப் போட்ட காகிதத்துல எல்லாம் இருந்ததே, படிக்கலையா?"

குனாடியின் கை வாய்க்குப் போனது.

துகிரான் மூட்டையைக் கீழே இறக்கினான்.

"மொதலாளி, அடுத்த திங்கள் ஆஸ்பத்திரிக்கே போகட்டுமா, இல்ல லேட்டாகாம நேரா உங்க கையிலயே குடுத்துடவா?"