காற்றுக்காக ஒரு வராண்டா

கொத்தனார் சவுரிராயன் வாசலில் முளைக்குச்சியை அடித்துக் கயிற்றை இழுத்தார். மறுமுனையைச் சீனுவாசன் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் ரெண்டடி வெளிய தள்ளிக்க சவுரி. கட்டில் தாராளமா பூரணும்."

அதைச் சற்று உரக்கவே சொன்னார். நடுக்கூடத்தில் படுத்திருந்த அக்கா கெங்கம்மாளின் காதில் விழவேண்டுமே.

வீட்டு முகப்பில் இருப்பது பழைய ஓலைச் சார்ப்பு. அதைப் பிரித்துவிட்டுச் சீமை ஓடு போட்ட வராண்டா வரப்போகிறது. சிவப்புச் சிமெண்ட் தரை. வெயில் மறைக்கத் தட்டி. புதுச்சேரியில் எந்த வெள்ளைக்காரனோ விட்டுப்போன பங்களாவை இடித்த இடத்தில் பேரம் பேசிப் பிடித்த பலகைச் சன்னல். அதன் பக்கத்தில் சாய்ந்து படுத்தால் மயிலம் போகிற பஸ்ஸெல்லாம் கண்ணில் படும். திண்டிவனத்தில் அந்தத் தெருவில் யாரும் ஒரு வராண்டாவுக்கு இவ்வளவு வக்கணையாகத் திட்டம் போட்டதில்லை.

அடுத்த வீட்டுப் பெரியசாமி தெருவில் போகிறவர் நின்று பார்த்தார்.

"அக்காவுக்குத் தம்பின்னா இப்டி இருக்கணும்யா. பெத்த புள்ளகூடச் செய்யாது."

சீனுவாசனுக்குச் சுருக்கென்றது. பதிலுக்கு ஒரு சிரிப்பைச் சிரித்து வைத்தார்.

அவர் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா இதே நடுக்கூடத்தில்தான் செத்துப்போனாள். அவிட்டம், சதயம் என்று ஆகாத நட்சத்திரங்கள் சில உண்டு. அந்த நாளில் வீட்டுக்குள் உயிர் போனால் மாதக்கணக்கில் வீட்டைப் பூட்டிப்போட வேண்டும். அடைப்பு என்பார்கள். உள்ளே யாரும் குடியிருக்கக் கூடாது. நல்ல காரியம் எதுவும் செய்யக் கூடாது.

புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்திருந்த கெங்கம்மாள், தம்பியை மடியில் போட்டுக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்க மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள். கொசு கடித்தால் தன் கால் என்றால் விட்டுவிடுவாள், அவன் கால் என்றால் விசிறுவாள். இதை அவள் எப்போதும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். கேட்டுக் கேட்டுத்தான் சீனுவாசனுக்கு அடைப்பு என்றால் என்னவென்று தெரியும்.

போன வாரம் டாக்டர் வந்து அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கேட்டதை வாங்கிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தை மாதம் மகள் அம்சாவுக்கு இந்த வீட்டில் கல்யாணம். மாப்பிள்ளை கண்டமங்கலம். தட்டித் தட்டிப்போய் ஒருவழியாகக் கூடிவந்த சம்பந்தம். கெங்கம்மாள் வேறு வீட்டுக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டவள், அவள் போனால் தீட்டு சில நாளோடு கழிந்துவிடும். ஆனால் ஆகாத நாளில் உள்ளே போய்விட்டால் வீடு அடைப்பு. அடைப்பு விழுந்த வீட்டில் கண்டமங்கலத்தார் கை நனைக்க மாட்டார்கள். பெண்ணும் எடுக்க மாட்டார்கள்.

வெளியே என்றால் வீட்டுக்குத் தோஷமில்லை.

வராண்டாவின் முழுத் திட்டமும் அவ்வளவுதான். பழியைத் தூக்கிப் பெண்டாட்டி தலையில் போடவும் வழியில்லை. யோசனை அவருடையதே. கொட்டகையில் தன்னை மடியில் வைத்திருந்தவளை வீட்டைவிட்டு வெளியே எடுத்து வைக்க அளவெடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்கு அசிங்கமாக இருந்தது. கொஞ்ச நாளாக அக்காவின் முகத்தைப் பார்க்காமல் கிண்ணத்தைப் பார்த்தே கஞ்சி கொடுக்கிறார். இருந்தும் ஓட்டுக்குச் சொல்லி அனுப்பியாயிற்று.

"எப்ப முடிப்ப சவுரி?"

"மழ வேற புடிச்சிக்கினு இருக்குதுங்க. தரை காயணும், ஓடு ஏத்தணும். கார்த்திகை தாண்டிடும்."

"ஜல்தியா முடிப்பா. காத்து இல்லாம அக்கா ரொம்பக் கஷ்டப்படுது."

சொல்லும்போது சீனுவாசன் தரையைப் பார்த்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து, "சீனு" என்று குரல் வந்தது.

கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினார். கெங்கம்மாள் மல்லாந்து படுத்தபடி கட்டை விரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பஞ்சாங்கம் படிக்கத் தெரியாது. முடிந்தவரைக்கும் மாதம் தவறாமல் கிருத்திகைக்கு மயிலம் மலை ஏறியவள். கிருத்திகையிலிருந்து விரல்விட்டு எண்ணியே எந்த நாளுக்கு எந்த நட்சத்திரம் என்று சொல்லிவிடுவாள்.

"என்னாக்கா? தண்ணி வேணுமா?"

அவள் எண்ணி முடித்தாள்.

"கொத்தனாரு கார்த்திகைன்றாரு. அது வரிக்கும் தாங்காதுடா. நாளான்னிக்கி அவிட்டம். ஓலை ஒழுவுனா ஒழுவட்டும், கட்டில இன்னிக்கே வெளிய தூக்கிப் போட்டுடு."

 அத்தனை நாளுக்குப் பிறகு சீனுவாசன் அக்காவின் முகத்தைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

அவள் கை நீண்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

"அம்சா கேட்டா, காத்துக்குன்னே சொல்லு."