கரும்பச்சைக் கார்

"ஐயா, இது பெயின்ட்டைத் தெளிக்கல, துப்புது!"

ஏர்பிரஷ்ஷையும் ஓர் அட்டைப்பெட்டியையும் மேஜைமேல் வைத்தாள் அந்தப் பெண்.

கடைக்காரர் சிரித்தார். முப்பது வருஷம் நிஜக் கார்களுக்குப் பெயின்ட் அடித்தவர். முதுகு மக்கர் செய்த பிறகு, பொம்மைக் கார், விமானம் என்று மாடல் செய்பவர்களுக்கான இந்தச் சின்னக் கடையோடு நிறுத்திக்கொண்டார்.

"பெயின்ட் ஊத்துற கிண்ணத்துல குமிழி வருதா?"

"உலை கொதிக்கிற மாதிரி வருது."

"அப்போ முனையில இருக்கிற நாசில் லூசா இருக்கு. காத்து பின்பக்கமா ஏறுது."

ஊசியை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். நுனியில் பெயின்ட் காய்ந்து ஒட்டியிருந்தது. தின்னரால் துடைத்து, நாசிலை இறுக்கினார்.

"எதுக்கு அடிக்கிறீங்க? காட்டுங்க."

பெட்டிக்குள் உள்ளங்கை அளவில் ஒரு மாடல் கார். கூரை முழுக்க மணல் தூவியதுபோல் சொரசொரப்பு; என்ன நிறம் என்றே தெரியாதபடி மங்கியிருந்தது.

"ரொம்பத் தள்ளிப் பிடிச்சு அடிச்சிருக்கீங்க. பெயின்ட் போய்ச் சேர்றதுக்குள்ள வழியிலேயே காஞ்சிடுது. நாலு விரல் தூரம் போதும்."

"பதினோராவது தடவைங்க இது. சுரண்டிச் சுரண்டி விரல்ல தோலே போச்சு."

"பொழுதுபோக்குக்கு இவ்வளவு பிடிவாதமா!"

அவள் பெயின்ட் புட்டியை எடுத்து நீட்டினாள். அவள் கலந்து எடுத்துவந்த பெயின்ட்டை நன்றாகக் குலுக்கி, பால் பதத்துக்குத் தின்னர் சேர்த்து, கதவில் ஒரு வீச்சு அடித்தார். வழுவழுவென்று படிந்தது. கரும்பச்சை. சாய்த்துப் பார்த்தால் உள்ளே லேசாகத் தங்க மினுமினுப்பு.

அவர் கை அப்படியே நின்றது.

"இந்தக் கலரை... எங்கேம்மா பாத்தீங்க?"

"என் தம்பியோட சைக்கிள்ல. இடிச்சிட்டு நிக்காமப் போன கார் விட்டுட்டுப் போனது நகக்கண் அளவு பெயின்ட்தான். உடைஞ்ச விளக்கை வச்சு என்ன மாடல்னு போலீஸ் சொல்லிட்டாங்க. அந்த மாடல் ஊருக்குள்ள ஆயிரம் ஓடுது. கலர் மட்டும் எந்தக் கார் கம்பெனியோட கலர் அட்டையிலயும் இல்ல."

அவள் அந்தச் சின்னக் காரைத் தன் பக்கம் நகர்த்தினாள்.

"தம்பி போய் எட்டு மாசம் ஆச்சு. அந்தத் துணுக்கைக் காட்டினா யாருக்கும் ஒண்ணும் புரியல. முழுக் காரா காட்டினா, யாராவது ஒருத்தருக்கு ஞாபகம் வராதான்னுதான்..."

கடைக்காரர் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஐயா, என்ன பண்ணுது? தண்ணி தரட்டுமா?"

"வேண்டாம்மா. போலீஸுக்குப் போன் போடுங்க."

அவள் திடுக்கிட்டாள். "இந்தக் கலரைக் கலந்த ஆளைத் தெரியுமா உங்களுக்கு?"

"கலந்தது நான்தான். ஒரே ஒரு காருக்குத்தான் அடிச்சேன்" என்றார் அவர். "என் மக ஓட்டுற காருக்கு."