மலைக்கு எதிரே பதினொன்று

"எழுந்து போயிடு தம்பி. பதினொண்ணு மிச்சம் இருக்கு. அதோட போ."

மலை இப்படிச் சொன்னதும் லேத்துக்காரனுக்குச் சுருக்கென்றது. சீட்டாட்டக் கிளப்பில் எதிரே இருந்த அந்த மனிதருக்கு 'மலை' என்றுதான் பெயர். எப்போதும் அவர் முன்னால் டோக்கன்கள் மோவாய் உயரத்துக்கு அடுக்கியிருக்கும்.

மதியம் நாற்பது டோக்கன் வாங்கிக்கொண்டுதான் லேத்துக்காரன் உட்கார்ந்தான். அவனுடைய லேத்துப் பட்டறையில் மோட்டார் எரிந்து ஒன்பது நாளாகிறது. புது மோட்டாருக்கு எண்பது டோக்கன் பணம் வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்த கையோடு இதையெல்லாம் மலையிடம் புலம்பியும் விட்டான். மனைவியிடம் மட்டும், மோட்டார் வாங்கப் போவதாகச் சொல்லியிருந்தான்.

நாற்பது இருந்தவரை பொறுமை இருந்தது. சுமாரான சீட்டு வந்தாலும் ஒன்றிரண்டு டோக்கன் போட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக என்ன சீட்டு விரிகிறது என்று பார்க்கலாம். பிடிக்காவிட்டால் சீட்டை மடக்கி விலகிவிடலாம். ஆனால் மலை ஒவ்வொரு முறையும் பெரிதாகப் பந்தயம் கட்டி, அவனைப் பார்க்கவே விடவில்லை. இரண்டு மூன்றாகக் கரைந்து இப்போது பதினொன்று. பதினொன்றில் ஆட்டமே வேறு. பார்த்துப் பார்த்து ஆட வசதியில்லை. ஒன்று மடக்க வேண்டும், இல்லையென்றால் மொத்தத்தையும் தள்ள வேண்டும்.

"பதினொண்ணுக்கு எந்த மோட்டார்ணே வரும்?"

"புதுசு வராது. எரிஞ்சதுக்கு காயில் கம்பி புதுசா கட்டிடலாம். ஆறு மாசம் ஓடும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

மலை ஒரு டோக்கனை விரல்களுக்கிடையே உருட்டினார். ஆள்காட்டி விரலுக்கு நுனி இல்லை.

ஆளுக்கு இரண்டு சீட்டு விழுந்தது. லேத்துக்காரன் ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தான். இரண்டு ராணிகள்.

மலை ஐந்து டோக்கன்களை நகர்த்தினார். "மடக்கிடு. எங்கிட்ட ரெண்டு ராஜா."

லேத்துக்காரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மதியத்திலேர்ந்து இப்படித்தானே மிரட்டுறீங்க? உங்களுக்கென்ன, பதினொண்ணு போனா ஒரு முடி கொட்டின மாதிரி. எனக்கு தலையே போயிடும்."

"அதனாலதான்டா சொல்றேன். சத்தியமா ராஜா. வீட்டுக்குப் போ."

இவ்வளவு துரத்துகிறார் என்றால் கையில் ஒன்றுமில்லை. அப்படித்தான் அவன் கணக்குப் போட்டான். பதினொன்றையும் தள்ளினான்.

மலை தலையைத் தூக்கி, மூலையில் இருந்த கேமராவைப் பார்த்தார். பிறகு இன்னும் ஆறு டோக்கன்களை எடுத்து வைத்துவிட்டுத் தன் சீட்டைத் திருப்பினார்.

இரண்டு ராஜா.

நடுவில் ஐந்து சீட்டுகள் விரிந்தன. அவனைக் காப்பாற்ற மூன்றாவது ராணி வரவில்லை.

"சொன்னேன்ல," என்றார் மலை. ஜெயித்தவர் குரலாக அது இல்லை.

லேத்துக்காரன் எழப் பார்த்தான். பாதியில் மறுபடி உட்கார்ந்துவிட்டான். 'மோட்டார் எங்கே?' என்று மனைவி வாசலிலேயே கேட்பாள். சொல்ல ஒரு பொய்கூடத் தோன்றவில்லை.

கிளப் முதலாளி காலி டிரேயோடு வந்தார். மலையின் முன்னால் இருந்த டோக்கன்களைக் கடைசி ஒன்று வரை வழித்து டிரேயில் போட்டுக்கொண்டார். வெறும் மேஜையில் மடித்த நோட்டு ஒன்றை வைத்தார். மலை அதை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் செருப்பைத் தேடினார்.

முதலாளி லேத்துக்காரன் தோளைத் தட்டினார்.

"மோட்டார் இல்லாம பட்டறைதான் இனிமே ஓடாதே, நாளைக்கு இங்க வேலைக்கு வா. பக்கத்து டேபிளுக்கும் ஒரு மலை தேவைப்படுது. டோக்கன் எல்லாம் என்னோடது, உனக்கு தினக்கூலி. இவரும் லேத்துப் பட்டறை வச்சிருந்தவர்தான், முதல்ல உன் நாற்காலியிலதான் உக்காந்தாரு."