கறிக்கு மூன்று மீன்

"அதுக்குப் பேர் களவுதான் அப்பா" என்றாள் மேனுஷா, குரலைத் தாழ்த்தி.

லண்டன் நோர்பரித் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை தொடங்குவதற்கு முன், சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய பீற்றர் மகளோடு வரிசையில் நின்றார். ஜப்பானிலிருந்து திரும்பி ஒரு கிழமை. மனுசனுக்கு அன்றிலிருந்து ஒழுங்கான நித்திரை இல்லை.

மகளுக்கு நல்ல வேலை கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் அப்பாவை ஜப்பான் பார்க்கக் கூட்டிப்போனாள். கோபுரம், பூங்கா, பறக்கிற வேகத்தில் ரயில். லண்டனில் பஸ் ஓட்டுகிற பீற்றருக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. கடைசியில் ஃபுகுஓகா நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டி மீன்பிடித் தீவுக்குப் படகேறினார்கள். காலையில் போய்ப் படமெடுத்துவிட்டுப் பின்னேரம் திரும்புகிற பயணம்.

அங்கேதான் வந்தது வினை.

துறையில் ஒரு கிழவரும் மனைவியும் வள்ளத்திலிருந்து வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பீற்றர் பேசாலைக் கடற்கரையில் வளர்ந்தவர். சும்மா நிற்பாரா? சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவரும் பிடித்து இழுத்தார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. தேவைப்படவும் இல்லை.

வலை கரைக்கு வந்ததும், குவியலிலிருந்து மூன்று மீனைத் தானே பொறுக்கி ஒரு நீலப் பையில் போட்டுக்கொண்டார்.

மேனுஷாவுக்கு உயிரே போய்விட்டது.

"என்னப்பா இது? கேக்காமல் எடுக்கிறீங்கள்."

"வலையில கை வைச்சவனுக்குக் கறிமீன் உண்டு பிள்ளை. எங்கட கரையில அதைக் கேட்டு எடுக்கிறேல்லை. எடுக்காமல் போனால்தான் வலைக்காரனுக்குக் குறை."

"இது பேசாலை இல்லை. ஜப்பான்."

"அவர் சிரிச்சுத் தலையாட்டினவர். நீயும் பாத்தனிதானே?"

"அவையள் எல்லாத்துக்கும் தலையாட்டுவினம். சரி, ஹோட்டல் அறைக்குள்ள எங்க கறி வைக்கப்போறீங்கள்?"

அதைப் பீற்றர் யோசிக்கவே இல்லை. பையை மகளிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

திரும்பும் படகு புறப்படுகிற நேரம், அந்தக் கிழவர் ஏதோ கத்தியபடி துறையை நோக்கி ஓடி வந்தார். மேனுஷா அப்பாவின் கையைப் பிடித்துப் படகுக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"மீன் எங்க பிள்ளை?"

"அவசரத்தில துறையில நாங்கள் இருந்த வாங்கில மறந்து விட்டிட்டன்."

அந்த ஓட்டம்தான் பீற்றரின் நித்திரையைக் கெடுத்தது. இப்போது வரிசையிலும் அதே கேள்வி.

"முதல் சிரிச்ச மனுசன் பிறகு ஏன் துரத்தினவர்? எனக்கு ஒண்டுமே விளங்கேல்லை."

"களவெடுத்தால் துரத்தாமல்?"

"அப்ப நான் கள்ளன்தான்" என்றார் பீற்றர். "கடற்கரையில பிறந்து வளந்த நான், இந்த வயசில ஒரு கரையில இருந்து கள்ளனா ஓடி வந்திருக்கிறன். வெக்கமாக் கிடக்கு பிள்ளை. சாமியாரிட்டச் சொன்னாலாவது மனம் ஆறும்."

கண் கலங்கிவிட்டது அவருக்கு. மகளுக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது. ஆனாலும் தான் சொன்னது சரி என்று காட்டாமல் விட மனமில்லை. படகிலிருந்து தீவைப் படமெடுத்தபோது கிழவரும் தூரத்துப் புள்ளியாகப் போன் வீடியோவில் விழுந்திருந்தார். இதுவரை அவள் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

"எவ்வளவு கோவம் எண்டு நீங்களே பாருங்கோ."

சத்தத்தை நிறுத்திவிட்டு, படத்தைப் பெரிதாக்கி அப்பாவிடம் நீட்டினாள்.

கிழவர் துறையின் விளிம்பில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். முகத்தில் கோபத்தைக் காணவில்லை. இரண்டு கையாலும் ஒரு நீலப் பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். மூன்று மீன் போட்ட பை அப்படி வீங்கியிருக்க நியாயமில்லை. வாய்ப் பக்கமாக வால்கள் பிதுங்கிக்கொண்டு நின்றன. பின்னால் வந்த மனைவி படகைப் பார்த்துக் குனிந்து குனிந்து கும்பிட்டாள்.

பீற்றர் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"எங்கட பை பிள்ளை. மறந்து விட்ட பையைத் தரத்தான் மனுசன் ஓடி வந்திருக்கு. அதுவும் பார், பங்கு காணாது எண்டு நிரப்பிக்கொண்டு வந்திருக்கு."

தேவாலயம் என்பதையும் மறந்து சிரித்தார். ஒரு கிழமைப் பாரம் ஒரேயடியாக இறங்கிவிட்டது.

"வா, போய் இருப்பம். இனி என்னத்தைச் சொல்லி நான் பாவசங்கீர்த்தனம் செய்யிறது?"

மேனுஷா அசையவில்லை. போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்கள் போய் இருங்கோ அப்பா. உங்கட இடத்தில நான் நிக்கிறன்."

பீற்றருக்கு மறுபடியும் குழப்பம். பள்ளிக்கூடம் முடித்த பிறகு பாவசங்கீர்த்தன வரிசைப் பக்கமே வராத பிள்ளை.

"உனக்கென்ன பாவம்?"

வரிசை நகர்ந்தது. அவளும் ஓரடி நகர்ந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"பையை நான் மறந்து விடேல்லை அப்பா. நீங்கள் கை கழுவப் போன நேரம், அதை அவற்ற காலடியில வைச்சு, 'எங்கட அப்பா களவெடுத்திட்டார், மன்னியுங்கோ' எண்டு போனில அவற்ற மொழியில காட்டிக் கும்பிட்டிட்டு வந்தது நான்தான்."