பென்சில் கல்

"தங்கம் தேறல. குழிய மூடிட்டு எல்லாரையும் சயாம் ரயில் வேலைக்கு அனுப்பப் போறேன்," என்றான் கோலா பிலா தோட்டத்துத் தங்கக் குழியைப் பார்க்க வந்த ஜப்பானிய அதிகாரி.

சயாமுக்குப் போனவர்கள் யாரும் திரும்பியதில்லை. கூலிகளை மேய்க்கும் மண்டோர் சன்னாசி முந்திக்கொண்டான். "துவான், தங்கத்த விடுங்க. கூடவே வர்ற பென்சில் கல்லு, பென்சிலுக்குள்ள வைக்கிற கரிக்கல்லு, அதுதான் மலை முழுக்க இருக்கு. இனிமே அதையே வெட்டுவோம். தங்கம் கெடைச்சா மேல் வரும்படி."

"கல்லு தரமா இருக்குமா?"

"தொட்டாலே மை மாதிரி ஒட்டிக்கும் துவான்!" பேச்சு வேகத்தில், மண் சுமந்து வந்த மனைவி பஞ்சாலையைக் கைகாட்டினான். "இவ மூஞ்சியப் பாருங்க, அந்தக் கரிதான்."

அதிகாரி அவள் கன்னத்தை விரலால் அழுத்தித் துடைத்தான். கரி வழுவழுவென்று வந்தது. அடியிலிருந்த இளமுகம் தெரிந்தது.

"சரி, மூட வேண்டாம்," என்றவன் விரலிலிருந்த கரியைப் பார்க்கவே இல்லை.

அந்த முகம் சிப்பாய்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று, தினமும் விடியலில் அவளுக்குக் கரியைப் பூசிவிட்டவனே சன்னாசிதான்.

பஞ்சாலை அவனைப் பார்த்தாள். நீட்டிய கையை எங்கே ஒளிப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.